புள்ளிக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

மார்ச் 3

தம்பிக்கு,

மதியத்திலிருந்து நீ போனை எடுப்பதில்லை. மெயில் போட்டால் உன் அலுவலகத்தில் படிப்பார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதனால் காகிதத்தில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். இதையும் பிரிக்காமல் மேசையில் போட்டு வைக்காதே.

இன்று காலை முதலாளி எல்லாப் பிரிவுக்காரர்களையும் கூப்பிட்டு, உன் அலுவலகத்தின் சார்பில் நீ சாஃப்ட்வேரில் வரைந்து கொடுத்த படத்தைச் சுவரில் போட்டுக் காட்டினார். காது கேட்கும் கருவி எங்கள் கம்பெனிக்குள் யார் யார் கைக்குப் போய் எப்படி வெளியே வருகிறது என்று காட்டும் படம். பெரிய பெட்டி ஒன்று. அதற்குள் நீச்சல் குளத்தில் கயிறு கட்டிப் பிரித்த மாதிரி தடங்கள். விற்பனைக்கு ஒரு தடம், உற்பத்திக்கு ஒன்று, பேக்கிங்குக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று. வாசலில் பதிவு போடும் வாட்ச்மேனுக்குக்கூட ஒரு தடம் இருந்தது. என் பழுதுபார்க்கும் பிரிவைக் காணோம்.

தேடித் தேடிப் பார்த்தால் கீழே, தனியாக, ஒரு சாம்பல் நிறப் பெட்டி. பெயர் மட்டும் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. பெரிய பெட்டியிலிருந்து ஒரு புள்ளிக் கோடு போகிறது, ஒரு புள்ளிக் கோடு வருகிறது. அவ்வளவுதான் நாங்கள்.

"இவங்க நம்ம கம்பெனி இல்லையா?" என்று கணக்குப் பிரிவுக்காரர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். உற்பத்தி மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை. "சார், படத்துலயே வெளியிலதான் இருக்காங்க. வெளியில இருக்கற வேலைய வெளியாள்கிட்டயே குடுத்துட்டா என்ன?" என்றார். ஏற்கெனவே ஒரு கம்பெனியிடம் பேசியும் வைத்திருக்கிறாராம். முதலாளி தலையை ஆட்டினார். மாத முடிவில் படத்துக்கு ஒப்புதல் போடுவார்களாம். போட்டால் என் அறையை மூடிவிடுவார்கள்.

அந்த அறையில் என்னிடம் ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். டீச்சர், குட்டி, பாடகி என்று பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர்கள் போட்ட டீயைக் குடித்தவன்தானே நீ. இரண்டு வாரம் என் வீட்டில் தங்கி, என் கையால் சாப்பிட்டுவிட்டு, எங்கள் தலையிலேயே கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். ஏன் இப்படிச் செய்தாய்? அதை மட்டும் சொல்.

உன் அக்கா

•

மார்ச் 8

அன்புள்ள அக்கா,

அதன் பிறகு உன் போனை எடுக்காததற்குக் காரணம், மூன்றாம் தேதி மதியம் நான் எடுத்ததும் நீ திட்ட ஆரம்பித்தபோது ஒரு கூட்டத்தில் இருந்தேன். ஸ்பீக்கர் ஆன் ஆகியிருந்தது. சொந்த அக்கா வேலை செய்யும் கம்பெனி என்பதால் என்னை இதில் போடலாமா என்று ஏற்கெனவே யோசித்தவர்கள் என் அலுவலகத்தில் இருக்கிறார்கள். அவர்களும் கேட்டார்கள்.

ஏன் என்று கேட்கிறாய். நீ சொன்னதால்.

உன் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் விளக்கியது நினைவிருக்கிறதா? ஒரு நிறுவனத்துக்கு ஒரு பெட்டி. அதன் பிரிவுகள் எல்லாம் உள்ளே தடங்கள். ஒரே பெட்டிக்குள் ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு முழுக் கோடு போகும், அது வேலையை நகர்த்தும் கோடு. இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் முழுக் கோடு போட அந்த சாஃப்ட்வேர் விடாது. புள்ளிக் கோடுதான் போடலாம். நான் இதைச் சொன்னதும் நீ கேட்டாய், "அப்ப புள்ளிக் கோட்டுல உத்தரவு வராதா?" "வராது, தகவல்தான் வரும்" என்றேன். உன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"எங்களைத் தனிப் பெட்டியில போடு. அந்த உற்பத்தி மேலாளரோட உத்தரவு என் ரூமுக்குள்ள வரக்கூடாது." இது நீ சொன்னது. "தனிப் பெட்டின்னா வாடிக்கையாளர், பேங்க், கூரியர் மாதிரி வெளியாளுங்களுக்குக்கா" என்றேன். "இருந்துட்டுப் போகட்டும்" என்றாய். உள்ளே என்ன செய்கிறீர்கள் என்பதையாவது வரைகிறேன் என்றேன். "கண்டவனும் எட்டிப் பாக்க வேண்டாம், மூடிடு" என்றாய். அமைப்புகளில் 'உள்விவரம் காட்டு' என்று ஒரு டிக் இருக்கும். நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அதை எடுத்தேன். மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார், வேண்டுமானால் கேட்டுக்கொள்.

சின்ன வயதிலிருந்தே இதே கதைதான். நீ சொன்னதை நான் செய்யவேண்டும், கெட்டுப்போனால் பழி என் தலையில் விழும்.

ஒப்புதல் ஆகும்வரை படத்தை மாற்றலாம். ஆனால் நானாக மாற்ற முடியாது. கம்பெனியில் இந்த வேலைக்குப் பொறுப்பானவர் எழுத்தில் கேட்கவேண்டும். பொறுப்பானவர் உற்பத்தி மேலாளர்.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. தெரியவேண்டாம்.

தம்பி

•

மார்ச் 14

தம்பிக்கு,

தனிப் பெட்டி வெளியாளுக்கு என்று நீ சொன்னாய், ஆமாம். அதையே போடு என்று நான் கேட்டேன், அதுவும் ஆமாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். டாக்டரிடம் போய் இந்த மாத்திரை கொடு என்று ஒருத்தி கேட்டால் டாக்டர் உடனே எழுதிக் கொடுத்துவிடுவாரா? அந்தப் பெட்டியும் கோடும் எனக்கு அன்றுதான் தெரியும். உனக்கு அதுதானே பிழைப்பு? வேலை போய்விடும் அக்கா என்று ஒரு வார்த்தை நீ சொல்லவில்லை. வெளியாள் என்றால் வேலை போகும் என்று நான் எங்கே கண்டேன். அந்த ஆள் எங்களைப் படுத்திய பாட்டில் வெளியாளாக இருப்பது கௌரவம் என்றே நினைத்துவிட்டேன்.

நேற்று அவரைப் பார்க்கப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வரைஞ்சது உங்க தம்பிதானே. அவர்கிட்டயே கேக்கலாமே."

"நீங்க எழுதிக் கேட்டாத்தான் மாத்துவாங்களாம்."

"அப்ப என்கிட்ட வந்துதான் ஆகணும்."

"வந்துட்டேனே சார்."

இந்த 'சார்' சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். டீச்சரைக் கூட்டத்தில் நிற்க வைத்து, டீலர் திருப்பியனுப்பிய கருவியை அவள் முகத்துக்கு நேரே நீட்டிக் கத்திய ஆள். அது எங்கள் தப்பே இல்லை, அவர் கொடுத்த பேட்டரி மட்டம் என்று பிறகு தெரிந்தது. அதற்கு ஒரு மன்னிப்பு உண்டா? அவரிடம் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

இரண்டு நிபந்தனை சொன்னார். ஒவ்வொரு கருவியையும் அவர் சரி என்ற பிறகுதான் நாங்கள் திறக்கவேண்டும். மாதக் கடைசியில் என் ஆட்களைப் பேக்கிங்குக்கு அனுப்பவேண்டும். இரண்டுக்கும் தலையாட்டினேன். கடைசியில், "மூடி வச்சா யாருக்கு என்ன தெரியும்? உள்ள என்ன செய்யறீங்கன்னு முழுசா காட்டுங்க, முதலாளியே பாத்து முடிவு பண்ணட்டும்" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. நாங்கள் என்ன செய்கிறோம் என்று ஒருமுறை பார்த்தால் எந்த முதலாளிக்கும் மூட மனம் வராது.

அதனால் எங்களை உள்ளே வை. ஒரு தடமாகப் போடு. எல்லாவற்றையும் திறந்து காட்டு. அந்த ஆளின் முழுக் கோடும் வரட்டும்.

இத்துடன் வைத்திருக்கும் தாள்களில் எங்கள் வேலையை ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறேன். நேற்று வேலை முடிந்ததும் ஆறு பேரும் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரே கூத்து. வாயால் ஊதித்தானே தூசியை எடுக்கிறோம், அதை எழுதவேண்டாம், மானம் போய்விடும் என்றாள் டீச்சர். "மெஷின் வாங்கித் தந்தா மெஷினால ஊதறோம்னு எழுதுங்க" என்றாள் குட்டி. இத்தனை நாளில் எங்கள் அறையில் நேற்றுதான் எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். 'காற்றால் சுத்தம் செய்தல்' என்று எழுதியிருக்கிறேன், அப்படியே போட்டுக்கொள்.

அக்கா

•

மார்ச் 20

அன்புள்ள அக்கா,

மேலாளரின் கோரிக்கை வந்துவிட்டது. படத்தை மாற்றிவிட்டேன், ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது.

கோபமாகத்தான் ஆரம்பித்தேன், மறைக்கவில்லை. ஆனால் உன் தாள்களைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து வரைந்தேன். உங்கள் தடம் இப்போது உற்பத்திக்குக் கீழே, பெரிய பெட்டிக்குள் இருக்கிறது. மற்ற தடங்களைவிட உயரம். அதைக் குறைக்கச் சொன்னார்கள், வேலை அவ்வளவு இருக்கிறது என்றேன். ஒவ்வொரு வேலைக்கும் யார் செய்வது, என்ன கருவி, எவ்வளவு நேரம், எதைப் பார்த்து அடுத்ததுக்குப் போவது என்று எல்லாவற்றையும் அமைத்திருக்கிறேன். ஈரமா அழுக்கா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள், ஓசை கீச்சிட்டால் முதலில் எதைக் கழற்றுகிறீர்கள், எல்லாம் படத்திலேயே தெரிகிறது. இதை வைத்துக்கொண்டு நானே ஒரு கருவியைச் சரிசெய்துவிடுவேன் போலிருக்கிறது. நீ பாராட்டமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன், இதுவரை வரைந்ததில் இதுதான் நல்ல படம்.

ஒரு விஷயம். பாடகி ஓசையை அமைக்கும் பகுதி இருக்கிறதே, ஒவ்வொரு காதுக்கும் வேறுவேறாகச் செய்வது, அதை மட்டும் மடித்து ஒரே கட்டமாகக் காட்டட்டுமா? உள்ளே வேலை இருக்கிறது என்பதற்கு ஒரு கூட்டல் குறி மட்டும் இருக்கும். என் தலைமை அதிகாரி படத்தைப் பார்த்துவிட்டு, "புது ஆள் இதைப் பார்த்தே வேலையைக் கத்துக்கலாம் போலிருக்கே" என்றார். பாராட்டுதான். ஆனால் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. முன்பு நான் வாயைத் திறக்கவில்லை என்றாய், அதனால் இந்தத் தடவை கேட்டுவிடுகிறேன். மடிக்கட்டுமா?

தம்பி

•

மார்ச் 23

தம்பி,

மடிக்காதே. மூடி வைத்துத்தான் இந்தக் கதிக்கு வந்தோம். பாடகியின் வேலைதான் எங்கள் அறையிலேயே பெரிய வேலை, அதைப் போய் ஒளித்துவைப்பார்களா? முதலாளி முதலில் அதைத்தான் பார்க்கவேண்டும்.

படம் நன்றாக இருக்கிறது. குட்டி அவள் பெயர் போடவில்லையே என்று கேட்டாள். பெயர் போடமாட்டார்கள், பொறுப்பைத்தான் போடுவார்கள் என்று உன் மாதிரியே விளக்கினேன்.

அம்மாவுக்கு நான் அனுப்பிய செருப்பு அளவு சரியா?

அக்கா

•

ஏப்ரல் 4

தம்பிக்கு,

முதலாளிக்கு உன் படம் மிகவும் பிடித்துவிட்டது. கூட்டத்தில் எழுந்து நின்று பார்த்தார். எங்கள் தடத்தில் விரலை வைத்து இடமிருந்து வலமாக ஒவ்வொரு கட்டமாகப் படித்தார். "இவ்வளவு வேலை நடக்குதா? எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டீச்சருக்கு மேசைக்கடியில் செய்திகூட அனுப்பிவிட்டேன், பிழைத்தோம் என்று.

அப்புறம் மேலாளர் எழுந்தார். அந்த வெளிக் கம்பெனிக்காரர்கள் இவ்வளவு நாள் தயங்கிக்கொண்டிருந்தார்களாம். உள்ளே என்ன வேலை என்று தெரியாமல் எப்படி எடுப்பது, ஆளைப் பழக்குவது எப்படி என்று. போன வாரமே உன் படத்தை அவர்களுக்கு அனுப்பிவிட்டாராம். உடனே சரி என்றுவிட்டார்களாம். ஆறு பேர் வேண்டாம், நீ ஒவ்வொரு கட்டத்திலும் போட்டிருந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் அவர்கள் ஆட்களோடு எங்களில் வேலை பழகியவர்கள் இரண்டு பேர் இருந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் ஒரு கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொன்று காயும்வரை காத்திருந்து, கிழவர் ஒருவர் போனில் கத்திக்கொண்டிருப்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டு, நாள் முழுக்க ஓடுவது கூட்டலில் வருமா?

முதலாளி என்னைப் பார்த்து, "நீங்க நல்லா எழுதிக் குடுத்ததாலதான் இது சுலபமா முடியுது" என்றார். கிண்டல் இல்லை. மனதாரத்தான் சொன்னார். அதுதான் பொறுக்கவில்லை.

அவர்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க நான் அங்கே போகவேண்டுமாம், அதன் பிறகு அங்கேயே மேற்பார்வை வேலையாம். கூடப் போகும் இரண்டு பேர் யார் என்று நானே சொல்லவேண்டுமாம். திங்கள்கிழமைக்குள்.

அறையில் இப்போது என்னோடு யாரும் பேசுவதில்லை. நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடுகிறது. நேற்று கதவுக்கு வெளியே நின்றபோது காதில் விழுந்தது. "அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்தின நாடகம்டி இது. அவருக்குப் படத்துக்குக் காசு, இவங்களுக்கு அங்க நாற்காலி." குரல் யாருடையது என்று தெரியும். எழுத மனம் வரவில்லை.

அக்கா

•

ஏப்ரல் 9

அக்கா,

படித்தேன்.

மேலாளர் வெளியே அனுப்புவார் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தாலும் தடுத்திருக்க முடியாது, படம் கம்பெனியின் சொத்து. இதை நீ கேட்டால் உனக்கு எரியும் என்று தெரிந்தும் எழுதுகிறேன், ஏனென்றால் அதுதான் உண்மை. ஆனால் அந்த நேரங்களைப் போட்டது நான்தான். நீ எழுதவில்லை. சாஃப்ட்வேர் அந்த இடத்தைக் காலியாக விட்டால் சிவப்புக் கோடு காட்டும். கோடு வேண்டாமே என்று, உன் அறையில் உட்கார்ந்து பார்த்ததை வைத்து ஒரு கணக்காகப் போட்டேன். யாராவது கூட்டிப் பார்ப்பார்கள் என்று தோன்றவில்லை.

நான் முதலாளிக்கு எழுதட்டுமா? நேரங்கள் என் ஊகம், சரிபார்க்கப்படாதது என்று எழுதுகிறேன். என் வேலைக்கு ஆபத்து வரும், வரட்டும். இல்லை நேரில் வந்து அந்த ஆறு பேரிடமும் சொல்கிறேன், அக்காவுக்கு இதில் பங்கில்லை, எல்லாம் நான் வரைந்ததுதான் என்று. நீ எதைச் சொன்னாலும் செய்கிறேன். இந்தத் தடவை பழியை என் தலையில் போடு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

செருப்பு அம்மாவுக்குச் சரியாக இருக்கிறது. நீ ஏன் போன் பண்ணவில்லை என்று கேட்கிறாள்.

தம்பி

•

ஏப்ரல் 15

தம்பிக்கு,

முதலாளிக்கு எழுதவேண்டாம். ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகிவிட்டது. உன் வேலையும் போய்விட்டால் அம்மாவை யார் பார்ப்பார்கள்? வீரம் காட்டுவதற்கு ஒரு நேரம் இருக்கிறது, அது போய்விட்டது.

திங்கள்கிழமை இரண்டு பெயர் கொடுத்தேன். டீச்சர், குட்டி. டீச்சரின் கணவருக்கு வேலையில்லை. பெயர்தான் குட்டி, அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, வேறெங்கும் சேர்க்கமாட்டார்கள். மற்றவர்களுக்கு வயது இருக்கிறது, எங்காவது பிழைத்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை, நோட்டீஸ் பலகையில் போட்டதைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

பாடகி பெயரை ஏன் கொடுக்கவில்லை என்று நீ கேட்பாய். அவள்தானே எல்லோரையும்விட வேலை தெரிந்தவள். அதனால்தான். ஓசை அமைக்க ஓர் ஆள் அவர்களிடமே இருக்கிறாராம். உன் படத்தைப் பார்த்து முயன்று பார்த்தாராம், வந்துவிட்டதாம். அந்த வேலைக்கு ஆள் வேண்டாம் என்று எனக்கு முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

நேற்று மாலை அவள் தன் மேசையைக் காலி செய்தாள். எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்து நின்றாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா, அன்னைக்கு எல்லாரும் உக்காந்து சொன்னோமே, அப்ப நான் ஓசை அமைக்கறதுல பாதியச் சொல்லாம விட்டிருந்தேன். வேணும்னேதான் விட்டேன். அது எங்கிட்டயே இருக்கட்டும்னு. நீங்க வீட்டுக்குப் போற வழியில என்கூட நடந்து வந்து, முழுசா சொல்லு, உன் வேலையப் பாத்தாத்தான் நம்ம எல்லாரையும் வச்சுப்பாங்கன்னீங்க. உங்களுக்காகச் சொன்னேன். இப்ப நான் போற இடத்துல எனக்கு என்ன தெரியும்னு சொல்லிக்கறது?"

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். விலகிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நேரில் வந்து எல்லோரிடமும் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். வராதே. உன்னைப் பார்த்தால் நாடகம் என்று சொன்னவர்களுக்கு இன்னும் வசதியாகப் போகும். ஆனால் பாடகி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. வேலை தெரிந்தவளின் வேலையை எல்லோருக்கும் பொதுவாக எழுதிவைத்துவிட்டால் அதன் பிறகு அவள் என்ன சொல்லி வேலை கேட்பாள்? அதுதானே உன் தொழில், உனக்குத் தெரிந்திருக்கும். அவள் விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். பதில் இருந்தால் அவளுக்கு எழுது.

எனக்கு எழுதாதே.